எட்டுப் புள்ளி ஒன்றும் என் மகனின் கஞ்சியும்

என் மகன் முகிலனின் எடை ஏறியது எதனால்? டாக்டர் மாற்றிக் கொடுத்த சொட்டு மருந்தாலா, அதே வாரம் மேல் ஈறில் எட்டிப் பார்த்த இரண்டு பற்களாலா, இல்லை மேல்வீட்டுக்காரர் பீர் காய்ச்சுவதற்காகத் திருத்திய தண்ணீராலா? ஒன்றரை வருடமாக யோசிக்கிறேன், விடை கிடைக்கவில்லை. "பய நல்லாத்தான இருக்கான், விடேன்" என்கிறார் என் கணவர். அவரால் எதையும் விட முடியும். எனக்கு அது வராது. கேஸை மூடினேனா என்று பார்ப்பதற்காகப் பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வந்தவள் நான். மூடித்தான் இருந்தது.

தென்பெண்ணை ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் தண்ணீரை அவ்வளவு சந்தேகப்பட்ட மனிதர் இன்னொருவர் பிறந்திருக்க மாட்டார். அந்த மேல்வீட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கதவில் பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் எங்கள் அடுக்குமாடியில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் 'எட்டுப் புள்ளி ஒண்ணு'.

நாங்கள் விருதுநகர்ப் பக்கம். கணவருக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைக்க, முகிலனுக்கு எட்டு மாதமானபோது பாகலூர் சாலையில் முதல் மாடி வீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்தோம். பால் காய்ச்சிய அன்று இவர் இறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் மாமியார் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கியவர் குடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் பேனா போன்ற ஒன்றை எடுத்துச் சொம்புக்குள் விட்டார். அதன் முதுகில் எண்கள் ஓடி, ஓடி, நின்றன.

"எட்டுப் புள்ளி ஒண்ணு" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

பிறகு காய்ச்சிய பாலில் ஒரு கரண்டி கேட்டு வாங்கி, ஆறவைத்து, அதிலும் பேனாவை விட்டார். "ஆறு புள்ளி ஆறு. பால்காரர் நல்லவரும்மா, அவர உட்றாதீங்க." பாலை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். மாமியார் அவரை நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி என்றே முடிவு செய்துவிட்டார். வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து, எங்கள் பேரில் எதையும் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மஞ்சள் பேனா பி.எச். மீட்டர். தண்ணீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று அளப்பது. ஏழு நடு. ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எட்டுப் புள்ளி ஒன்று. பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இவர் ஒரு கம்பெனியில் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் சூப்பர்வைசர். இரும்புப் பாய்லருக்கு இருக்கும் மரியாதைகூட மனிதக் குடலுக்கு இல்லை என்பது அவர் கட்சி. வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மனைவியும் மகளும் காவேரிப்பட்டினத்தில் இருந்தார்கள். ஞாயிறுதோறும் போய் வருவார். போகும்போது காலிக் கேன்கள், வரும்போது நிறைந்த கேன்கள். ஒவ்வொன்றிலும் ஊரும் எண்ணும் எழுதி ஒட்டியிருப்பார். ஜவளகிரிக் கேன் ஒன்றுக்கு மட்டும் மின்விசிறிக்குக் கீழே இடம் கொடுத்திருந்தார்.

இவ்வளவு தண்ணீரும் பீருக்கு. இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் பெயரை எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் என் பெயரையும் போடாமல் விட்டால் நல்லது.

பெரிய குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தம்ளர் குடித்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். வாங்கிக் குடிக்க வழியிருக்கும் ஊரில் இருபது லிட்டர் பாத்திரத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று என் கணவர் கேட்டிருக்கிறார். விற்கிறவன் தண்ணீரின் நம்பரைச் சொல்கிறானா என்று திருப்பிக் கேட்டாராம். முளைகட்டிய கேழ்வரகும் கொஞ்சம் பார்லியும் வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றை வடித்து, ஏதோ ஒரு காய்ந்த பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டு மூடி வைப்பார். இரண்டு வாரம் கழித்து என் கணவர் மேலே அழைக்கப்படுவார். ருசி பார்க்க வேறு ஆள் கிடைக்காததால் அவர்தான் நிரந்தர நீதிபதி.

முதல் முறை நேராகக் குழாய்த் தண்ணீரில் காய்ச்சியது. கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கி வந்தார். பழைய டீத்தூளை மறுபடி மறுபடி கொதிக்கவைத்துத் துருப்பிடித்த ஆணி ஒன்றை ஊறப்போட்டது போல் நாக்கைப் பிடித்து இழுக்கிறதாம். காரத் தண்ணீர் தானியத்தின் தோலில் இருக்கும் துவர்ப்பையெல்லாம் சுரண்டிக்கொண்டு வந்துவிடும் என்று மேலே விளக்கம் தரப்பட்டதாம். இரண்டாம் முறை நகராட்சித் தண்ணீர். அதில் போடும் குளோரின் பூவோடும் தானியத்தோடும் சேர்ந்து என்னவோ செய்ய, கட்டுப் பிரித்த புண்ணின் வாசனை. மூன்றாம் முறை வடிகட்டி இயந்திரத்தின் தண்ணீர், சுத்தமோ சுத்தம். பீர் வைத்திருந்த தம்ளரைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்ததாகத் தீர்ப்பு வந்தது.

சுத்தமான தண்ணீருக்குத் தைரியம் போதாது, கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று கண்டுபிடித்து, ஜிப்சம் வாங்க உரக்கடைக்குப் போனார். நிலக்கடலைக்குப் போடும் அதே ஜிப்சம்தான். கடைக்காரர் வழக்கம்போல எத்தனை ஏக்கர் என்று கேட்டார். இவர் "இருபது லிட்டர்" என்றார். கடைக்காரர் இவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாராம். இவர் மோரையும் அளந்திருக்கிறார். அப்புறம் அந்த ஜிப்சத்தில் மண் இருப்பதாகச் சொல்லி அதையும் வாங்காமல் திரும்பிவிட்டார்.

ஒரு முறை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் கிணறு நன்றாயிருப்பதாகக் கேள்விப்பட்டு ஐந்து கேன் பிடித்து வந்தார். சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். கேன்களில் என்ன என்று கேட்டதற்குத் தண்ணீர் என்றார். அந்த இடத்தில் அந்தப் பதிலைச் சொன்னவர்கள் அதுவரை யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஐந்தையும் திறந்து, மோந்து, ருசித்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே தண்ணீராக இருந்ததுதான் சந்தேகத்தை அதிகமாக்கிவிட்டது. வெறும் தண்ணீரை எதற்காக மாநிலம் விட்டு மாநிலம் கடத்துகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பேனாவை எடுத்தார். முக்கால் மணி நேரம் கழித்து, போய்த் தொலையுங்கள் என்று கேனை அவர்களே ஏற்றிக் கொடுத்தார்கள். வண்டி கிளம்பும்போது ஒரு காவலர் மட்டும் ஓடி வந்து தன் வீட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, எவ்வளவு வருகிறது என்று பார்க்கச் சொன்னாராம்.

இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு முகிலன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

பத்தாம் மாதம். எதைக் கொடுத்தாலும் உதட்டைப் பூட்டிக்கொள்வான். ஊருக்குத் திரும்பிவிட்ட மாமியார் போனில் சொன்னபடியே கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் காயவைத்து, சிவக்க வறுத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சினேன். கஞ்சி பசை மாதிரி இறுகும். அவன் ஒரு வாய் வாங்கி, என்னையே பார்த்து, என் மேலேயே துப்புவான். டாக்டரம்மா அட்டையில் போடும் எடைக்கோடு இரண்டு மாதமாக நகராமல் படுத்துக் கிடந்தது. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் இரத்தப் பரிசோதனை, இன்னும் சில பரிசோதனைகள் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அந்த 'இன்னும் சில' என்ன என்ன என்று யோசித்து யோசித்து இளைத்தேன். என் எடையும் சேர்ந்து குறைந்தது.

இதற்கு நடுவில் மேல்வீட்டுக் கேழ்வரகு. அவர் சமையலறைக் காற்று எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் கீழே இறங்கும். முளைத் தானியம் வேகும் இனிப்பு வாசனை, பிறகு பத்து நாளைக்குப் புளித்த வாசனை. கைக்குழந்தை இருக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். ஆகவே வாசனை என் வீட்டுடையது என்று நாலு மாடியும் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டிருந்தது. இது எனக்குத் தெரிய வந்தது மொட்டை மாடியில், காய்ந்த துணிகளுக்குப் பின்னால் நின்றபோது. தரைத்தளத்து அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா கஞ்சிதான் காய்ச்சறா. வாசன வருதே. ஆனா அந்தப் புள்ளையப் பாத்தியா, முருங்கக்காயாட்டம் இருக்குது. காய்ச்சறத எல்லாம் யார்தான் குடிக்கறாங்களோ."

துணிகளை எடுக்காமலே இறங்கி வந்தேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த எட்டுப் புள்ளி ஒன்றில்தான் முகமும் கழுவினேன். கண் எரிந்தது.

மறுநாள் எங்கள் குடியிருப்போர் சங்கச் செகரட்டரி கதவைத் தட்டினார். ஓய்வுபெற்றவர், வாசனை விஷயத்தில் கறாரானவர். புளித்த வாசனை குறித்துப் புகார் வந்திருக்கிறதாம். அது என் வீட்டிலிருந்துதானே வருகிறது என்று கேட்டார். அவருக்குப் பின்னால், மாடிப்படியில், நம்மவர் தூக்குவாளியோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பேனா இல்லாமல் பார்த்தேன். வீட்டைக் காலி செய்யச் சொன்னால், கம்பெனிக்குத் தெரிந்தால், காவேரிப்பட்டினத்துக்குத் தெரிந்தால் என்று எல்லாக் கணக்கும் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரில்கூட உண்மையான காய்ச்சல்தான் எழுதுவேன். ஆனால் வாய் என்னைக் கேட்கவில்லை.

"ஆமா அங்கிள், எங்க வீடுதான். கேப்பக்கஞ்சி. புளிக்கவச்சுக் குடுத்தா நல்லதுன்னு சொன்னாங்க."

"கொழந்தைக்கா? இத்தனையா?"

"நாங்களும் குடிப்போம் அங்கிள்."

செகரட்டரியின் முகம் மலர்ந்தது. சின்ன வயதில் குடித்த கஞ்சி ஞாபகம் வந்துவிட்டதாம். ஒரு தம்ளர் கிடைக்குமா என்றார். என் அடுப்பில் இருந்தது போஸ்டர் ஒட்டுகிற பதத்தில் கால் கிண்ணம். வசமாக மாட்டிக்கொண்டேன். அப்போது படியிலிருந்து குரல் வந்தது.

"சார், எனக்கும் இந்தம்மாதான் குடுத்தாங்க. இப்பதான் எடுத்துனு போறன். நீங்க ருசி பாருங்க."

தூக்குவாளியில் இருந்தது, என் கணவர் ருசி பார்க்க அவர் கொண்டுவந்த, ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய சாறு. பூவும் இன்னும் போடாதது. என் தம்ளரிலேயே ஊற்றினார். செகரட்டரி நின்ற இடத்திலேயே ஒரு தம்ளர் குடித்து, இன்னொன்று கேட்டுக் குடித்து, இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பெண்ணா என்று என்னை ஆசீர்வதித்தார். புகாரை அங்கேயே தள்ளுபடி செய்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்க மறந்துவிட்டேன். அதை நினைத்து அடுத்த ஒரு வாரம் அவர் வாக்கிங் போகிறாரா என்று காலையில் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டேன். போனார்.

அன்று செகரட்டரி போனபிறகு தம்ளரின் அடியில் மிச்சமிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீராக இருந்தது. ஆனால் தேன் மாதிரி இனித்தது. எவ்வளவு சர்க்கரை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு சிட்டிககூட இல்லம்மா. கேவுரு தானா இனிச்சுது. ஆமா, நீங்க கொழந்தைக்குக் காய்ச்சறதும் இதே மொளகட்டுன கேவுருதான? அது எப்புடி இருக்குது?"

காட்டினேன். கரண்டியைத் தூக்கினார், கிண்ணமும் சேர்ந்து வந்தது. கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு விசாரணை தொடங்கியது. மாவை வறுத்தேனா? வறுத்தேன். நேராகக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டினேனா? கொட்டினேன். குழாய்த் தண்ணீரா? ஆமாம்.

"மொளைக்குள்ள வேலைக்காரங்க இருக்கறாங்கம்மா. மாவுச்சத்த வெட்டி இனிப்பாக்கறது அவங்க வேல. நீங்க வறுத்து பாதிப் பேர சுட்டுட்டீங்க. மீதிப் பேர கொதிக்கற தண்ணியில தள்ளிட்டீங்க. அதுலயும் தப்பிச்சவன் எட்டுப் புள்ளி ஒண்ணப் பாத்துட்டு ஸ்ட்ரைக் பண்ணிட்டான். அப்பறம் கஞ்சி எப்புடிம்மா எளகும்?"

அந்த வேலைக்காரர்களுக்கு இலேசான புளிப்பு வேண்டும், ஐந்தரைக்குப் பக்கத்தில். விரல் வைத்தால் உடனே எடுத்துக்கொள்ளும் சூடு வேண்டும், கொதி கூடாது. அரை மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். அவ்வளவுதான் ஷிப்ட். பிறகு ஒரு கொதி விட்டு இறக்கிவிடலாம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் வெள்ளை அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, பாதிக்குப் பாதி வடிகட்டி இயந்திரத் தண்ணீர் சேர்த்து, இரண்டு மூன்று சொட்டு எலுமிச்சை. பீருக்கு அவர் மாதக்கணக்கில் போராடிக் கண்டுபிடித்த கலவையே இதுதான்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அப்படியானால் நான் குழந்தைக்குக் காய்ச்சுவது பீரா?

"ஈஸ்ட்டு போட்டாதாம்மா பீரு. போடாத வரைக்கும் கஞ்சி."

இதை நாலு முறை கேட்டேன். அவர் போனபிறகு மேலே போய் ஐந்தாவது முறையும் கேட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, கேழ்வரகுக் கஞ்சியைக் கொதிக்காத சூட்டில் வைத்து, எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டு, கடைசியில் கொதிக்கவைத்துத் தரலாமா என்று கேட்டேன். தாராளமாகத் தரலாம் என்றார். மாமியார் மட்டும் எலுமிச்சை என்றதும் சளி பிடிக்கும் என்று கத்தினார். இரண்டு நாள் அதையும் யோசித்தேன். மூன்றாம் நாள் வறுக்காத மாவில் செய்தேன்.

பாத்திரத்தின் பக்கத்தில் நான் ஒரு முக்காலியில், மேல்வீட்டுக்காரர் ஒரு முக்காலியில். சமையலறையில் அந்த அரை மணி நேரம் பிரசவ அறைக்கு வெளியே இருப்பதுபோல் இருந்தது. முதலில் பசையாகத்தான் இருந்தது. பிறகு ஓரத்தில் இளகியது. அப்புறம் கரண்டி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு கரண்டி ஆறவைத்துப் பேனாவை விட்டார். ஐந்து புள்ளி நாலு. அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவி பட்டது என்றார்.

முகிலன் ஒரு வாய் வாங்கினான். என்னைப் பார்த்தான். நான் துடைக்கும் துணியைத் தயாராகப் பிடித்தேன். விழுங்கினான். தம்ளர் காலியானபிறகு தம்ளரின் விளிம்பைக் கடித்தான்.

"பாத்துக்கம்மா. உங்க ஊட்டுக்காரர விட இவன்தான் சரியான ஜட்ஜ்" என்றார்.

அடுத்த மாதம் எடைக்கோடு எழுந்து நின்றது. பரிசோதனை எதுவும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் நான் முதலிலேயே சொன்னேனே, அதே வாரம்தான் சொட்டு மருந்தை மாற்றினார், அதே வாரம்தான் பல்லும் வந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் மூன்று பேருக்கும் சொல்லிவைத்தேன், பல் உட்பட.

அந்தத் தண்ணீரில் அவர் காய்ச்சிய பீரும் அந்த மாதம்தான் தயாரானது. என் கணவர் மேலே போய் வெகு நேரம் திரும்பவில்லை. வந்தவர் இந்த முறை முகத்தைச் சுளிக்கவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன். பீர் மாதிரியே இருந்தது என்றார். மேலேயும் இதையே சொல்ல, அந்த மனிதர் இவரைக் கட்டிப்பிடித்தாராம். அதற்குப் பிறகு அவர் காய்ச்சவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, நம்பர்தான் வந்துவிட்டதே என்றார். கம்பெனி அவரை வேறு மாநிலத்துக் கிளைக்கு மாற்றியபோது பெரிய பாத்திரத்தை மகளிடம் கொடுத்துவிட்டார். அவள் அதில் மீன் வளர்க்கிறாளாம். எந்த எண்ணில் வளர்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதை அவள் வாராவாரம் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

மஞ்சள் பேனாவை என்னிடம் விட்டுச் சென்றார். கூடவே அதன் எண் சரிதானா என்று பார்க்க இரண்டு சின்ன பாட்டில் திரவம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்க மாட்டார். "என்ன வருது?" என்பார். நான் "அஞ்சு புள்ளி நாலு" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார்.

இப்போது என் பிரச்சினை. டாக்டரம்மாவுக்கு என் கஞ்சி பிடித்துப்போய், வியாழக்கிழமைகளில் காத்திருக்கும் தாய்மார்களுக்குச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார். மாவு, சூடு, தெளிந்த தண்ணீர், சொட்டு எலுமிச்சை எல்லாம் தடுமாறாமல் சொல்லிவிடுகிறேன். இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யாராவது ஒருத்தி கேட்டதும் வியர்க்கிறது. பீர் காய்ச்சுகிறவர் என்று குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது? மாமியார் என்று சொன்னால் எலுமிச்சைக்காகவே அவர் மறுப்பு அறிக்கை விடுவார்.

போன வியாழக்கிழமை கேட்டபோது, வாய் மறுபடியும் என்னைக் கேட்காமல், "எங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடமே இதைச் சொன்னேன். எண்ணைக்கூடக் கேட்காமல் வைத்துவிட்டார். கோபமா என்று தெரியவில்லை. அடுத்த வியாழக்கிழமை இதைத் திருத்திச் சொல்வதா, அப்படியே விட்டுவிடுவதா? அனுபவமுள்ள வாசகர்கள் யாராவது எழுதுங்கள். விட்டுவிடலாம் என்று எழுதினால் கூடுதல் சந்தோஷம்.